பின் ஆக்ஸிலுக்கு ஒரு பூட்டு

பிப்ரவரி 4, செவ்வாய்

கேள்வி கேட்டது நான். பதில் போனது மாமாவுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு.

உதிரிபாகக் கடையில் அரை மணி நேரம் நின்றோம். "பழைய ஜீப்புங்க. பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஒரு டிஃபரன்ஷியல் லாக்கர் வேணும். என்னென்ன வகை வெச்சிருக்கீங்க?" என்று தெளிவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் என் தலைக்கு மேலே பார்த்து, "சார் எங்க ஓட்டுவீங்க? மலையா, மணலா?" என்றார்.

சார் ஓட்டுவது மாசத்தில் ஒரு ஞாயிறு. நண்பர்களோடு போய்ச் சேற்றில் விழுந்து, போட்டோ எடுத்துக்கொண்டு வருவார். மற்ற நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவள் நான். தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஏறுகிறவள் நான். வண்டி வாங்கின பணத்தில் முக்கால் பங்கு நான். ஆனால் கடைக்காரர் கண்ணுக்கு நான் சாரோடு துணைக்கு வந்த ஆள்.

மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவதானே ஓட்டறா, அவகிட்டப் பேசுங்க" என்று. சொன்னால் வாய் வெந்துவிடுமா? தாடியைத் தடவிக்கொண்டு, "முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் ஏர் லாக்கர் போட்டா எவ்வளவு ஆகும்?" என்றார். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய ஜீப்பே வாங்கலாம்.

சாயங்காலம் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். "விடுடி, கடைக்காரங்க அப்படித்தான்" என்றாள்.

"கடைக்காரர் சரி. உன் வீட்டுக்காரர்?"

துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சு பிடிக்காத நேரத்தில் அவளுக்கு மடிக்க எப்போதும் துணி இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

கோபம் ஆறவில்லை. எதற்காக இந்த லாக்கர் என்பதையே வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள் போல.

போன வருஷம் பூக்கிற பருவத்தில், மலைப்பாதையின் கடைசி மேட்டில் வண்டி நின்றது. இடது பின் சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு காற்றாடி மாதிரி சுற்றியது. வலது சக்கரம் கெட்டித் தரையில்தான் இருந்தது, ஆனால் அசையவே இல்லை. ரெண்டையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கர் இல்லாத சாதா டிஃபரன்ஷியலின் குணம் அது. பிடிப்பு இல்லாத சக்கரம் சும்மா சுற்றும், ஊன்றி நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். (எங்கள் வீட்டின் குணமும் கிட்டத்தட்ட அதுதான்.)

வெயில் ஏறிவிட்டது. தேனீ வெளியே வராமல் பெட்டி வாசலெல்லாம் அடைத்திருந்தோம். கை எட்டினவரைக்கும் திறந்துவிட்டேன். வண்டி சாய்ந்ததில் பின் வரிசைப் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று நெருக்கி மாட்டிக்கொண்டன. உள்ளேயிருந்து வந்த இரைச்சல் முதலில் பெரிதாகி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தேனடை உருகி, தேன் பலகை இடுக்கில் ஒழுகியது. தேனீக் குடும்பங்களில் பாதி போனது. ராணி, குஞ்சு, எல்லாம்.

அந்தச் சத்தம் அடங்கினதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அதனால்தானோ என்னவோ மற்றவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாமாவின் நண்பர் கூட்டம் வீட்டுக்கு வந்தது. தலைவருக்கு நான் வைத்த பேர் கூலிங் கிளாஸ். கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் அதைக் கழற்றமாட்டார்.

நான் இந்த ஒரு வாரமாக உட்கார்ந்து படித்திருக்கிறேன், நாலு பேரைக் கேட்டிருக்கிறேன். வழுக்கலைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிற வகை ஒன்று உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் கையை விரித்துவிடும், எங்கள் மேட்டுக்கு உதவாது. ஆட்டோமேட்டிக் லாக்கர் விலை குறைவு. இருக்கிற ஆக்ஸில் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். ஆனால் எப்போது பூட்டுவது, எப்போது விடுவது என்று அதுவே முடிவு பண்ணும். ஈர வளைவில், பாரத்தோடு, பின்பக்கம் ஒரு உதறு உதறினால் பெட்டிகள் என்ன ஆகும்? ஏர் லாக்கர் நல்ல சாமான்தான். சுவிட்ச் போட்டால் காற்றழுத்தத்தில் பூட்டும், எடுத்தால் விடும். ஆனால் அதற்கு கம்ப்ரசர், குழாய் என்று வால் பிடித்துக்கொண்டே போகும். நம் பைக்கு எட்டாது.

கடைசியாக ஒரு வழி தெரிந்தது. எங்கள் ஜீப்புக்கு அப்புறம் வந்த மாடலில், தொழிற்சாலையிலேயே பின் ஆக்ஸிலுக்கு லாக் வைத்து விட்டிருக்கிறார்கள். கயிறு மாதிரி ஒரு கேபிள், உள்ளே ஒரு நெம்புகோல். அவ்வளவுதான். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அந்த ஆக்ஸில் கிடைத்தால் மொத்தமாகத் தூக்கி மாட்டிவிடலாம். வேண்டும்போது மட்டும் பூட்டு. மற்ற நேரம் சாதா வண்டி.

இதைச் சொன்னேன். கூலிங் கிளாஸ் சிரித்தார்.

"எதுக்கு மேடம் இவ்வளவு மண்டை உடைச்சுக்கறீங்க? பின்னாடி உள்ள கியரை வெல்டிங் வெச்சு ஒட்டிருங்க. ரெண்டு சக்கரமும் எப்பவும் ஒண்ணாதான் சுத்தும். செலவே இல்ல."

"எப்பவும் ஒண்ணா சுத்தினா தார் ரோட்டுல வளைவு எப்படித் திரும்பும்? வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகணும்ல?"

"டயர் கொஞ்சம் தேயும். அவ்வளவுதான்."

"டயர் தேயாத இடத்துல ஆக்ஸில் ஒடியும்."

"மச்சினிச்சி பயங்கரமா படிச்சிருக்காங்கப்பா!" என்றார் மாமாவைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பாதி டம்ளரில் டீ இருந்தது. இருக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

உடைக்கிற இடத்துக்குத் தனியாகப் போனேன். துருப்பிடித்த வண்டிகளுக்கு நடுவே ஒரு ஆக்ஸில். லாக் கேபிளோடு. மனசு துள்ளியது.

ஆனால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே பல் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும்போது ஒன்று ஒரு வேகத்தில், இன்னொன்று வேறு வேகத்தில் இழுத்துக்கொண்டு எதையாவது உடைக்கும். "எங்க வண்டியோட பல் கணக்குதானே இது?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

நான் நம்பவில்லை. ரெண்டு சக்கர முனையையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லி, ஷாஃப்ட் மாட்டுகிற முனையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு எண்ணினேன். எங்கள் வண்டியில் சுற்றுவதைவிட அரைச் சுற்றுக்கு மேல் அதிகம். வேறு பல்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார் எரிச்சலோடு. பொய் சொன்னது அவர், எரிச்சலும் அவருக்கு! திருடன் கையில் விளக்கு கொடுத்துவிட்டு நாம் இருட்டில் தடவ வேண்டும் போல.

ஆனாலும் என் நம்பரை வாங்கிக்கொண்டார். இன்னொரு வண்டி உடைக்க வருகிறதாம். வந்தால் கூப்பிடுவாராம். பார்க்கலாம்.

பிப்ரவரி 15, சனி

மாமா ரெண்டு நாளாகத் தேனொழுகப் பேசுகிறார். "உன் இஷ்டப்படியே செய்யலாம், அவசரப்படாதே" என்கிறார். மாமா தேனொழுகப் பேசினால் பின்னால் ஏதோ இருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

மூன்று நாள் பெட்டிகள் இருக்கிற தோட்டத்தில் தங்கி, பலமான தேனீக் குடும்பங்களைப் பிரித்துப் புதுப்பெட்டியில் வைத்துவிட்டு, இன்றைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வாசலில் ஜீப். முன்னால் இரும்பில் புது பம்பர். கூரையில் வரிசையாக விளக்கு. கல்யாண ஊர்வலத்துக்குக் கிளம்பின மாதிரி.

சரி, ஏதோ ஆசை என்று நினைத்து, சர்க்கரைப் பாகுக்கு டப்பா வாங்க வண்டியை எடுத்தேன். தெருமுனையில் திரும்பினேன். பின்னால் டயர் கிறீச்சென்று கத்தியது. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டி நேராகப் போகவே பார்க்கிறது. காய்கறி வண்டிக்காரர் ஒதுங்கி ஓடினார்.

நேரே மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெல்டிங்கா அண்ணே?"

"நான் வேணாம்னுதான்மா சொன்னேன்."

"சொல்லிட்டு வெச்சுக் குடுத்துட்டீங்க."

"வண்டிக்காரர் அவருதானே."

வண்டிக்காரர்! நான் யாரு? வண்டியில ஒட்டின ஈயா?

வீட்டுக்கு வந்து கேட்டேன். கத்தித்தான் கேட்டேன், பொறுமையா கேக்குற நிலைமையில நான் இல்ல. லாக்கருக்குன்னு எடுத்து வெச்ச பணத்துல பம்பரும் விளக்கும். பூட்டு வேலைக்கு வெறும் வெல்டிங்.

"பூட்டு வேணும்னே, பூட்டியாச்சு. இப்ப அதுக்கும் குறையா?" என்கிறார்.

"நான் சொன்னது வேணும்போது பூட்டறது. நீங்க செஞ்சது சாவியைக் கிணத்துல போட்டுட்டுக் கதவைச் சாத்தறது. பாரத்தோட மலையில எப்படி மாமா இறங்குவேன்?"

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

அந்த ஒரு கேள்வி. வாங்கும்போது, "என் பேர்ல இருந்தா அலைச்சல் இல்ல, குடும்பத்துக்குள்ள என்ன பேதம்" என்று சொன்ன அதே வாய்.

அக்கா கதவோரம் நின்றாள். அவள் கையில் இன்றைக்குத் துணி இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பேசவில்லை. சாப்பிடவும் கீழே போகவில்லை. மாடியில் ரொட்டி இருந்தது.

பிப்ரவரி 22, சனி

அக்கா மாடி ஏறி வந்தாள். நாளைக்கு மாமா நண்பர்களோடு மலைக்குப் போகிறாராம், இவளையும் கூப்பிடுகிறாராம். "வண்டி நல்லா இருக்குன்னு உனக்குக் காட்டணும்கிறார்."

"எனக்குக் காட்ட உன்னை ஏன் ஏத்தறார்? போகாதேக்கா. ஏறும்போது ஒண்ணும் ஆகாது. இறங்கற வளைவுல ஈரம் இருந்தா வண்டி திரும்பாது."

"போகலைன்னா அதுக்கும் ஒரு சண்டை. ஒரு நாள் போயிட்டு வந்துர்றேன்."

சண்டைக்குப் பயந்து இவள் எங்கெல்லாம் போய்விட்டு வந்திருக்கிறாள்!

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா ஆஸ்பத்திரியில். மணிக்கட்டு எலும்பு முறிவு. நெற்றியில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அக்கா சொன்னது: ஏறும்போது எல்லோரும் கைதட்டினார்களாம். இறங்கும்போது தூறல். மூன்றாவது வளைவில் மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். முன் சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. வழுக்கிக்கொண்டு நேரே போய் மண்சுவரில் மோதி நின்றது. "இடது பக்கம் சுவர் இருந்துச்சுடி. வலது பக்கம் போயிருந்தா…" என்று நிறுத்தினாள்.

ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கி ஒடிந்து கிடக்கிறதாம். மாமாவுக்குக் கீறல்கூட இல்லை. வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன். நிமிரவில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டேன். பாவம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

பாவமாவது, புண்ணியமாவது!

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்க உறவு ஜனம் வந்தது. மாமாவின் அம்மா, மாமாவின் தம்பி, எங்கள் சித்தி. நான் டீயோடு கூடத்துக்குள் நுழையும்போது மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார்: "லாக் வேணும், லாக் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி, கூடப் பொறந்தவ மாதிரி ஆச்சே, கேக்குறாளேன்னு போட்டேன். அதான் வினையாயிருச்சு."

என் காதையே நம்ப முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாக்கினதும் அவர், ஆடி விழுந்ததும் அவர், பழி மட்டும் எனக்கு.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி இந்த இரும்புச் சாமான் வேலையெல்லாம்? அக்கா உயிருக்கே உலை வெச்சுட்டியே."

தட்டை வைத்துவிட்டேன், கொஞ்சம் டீ சிந்தியது. வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவ கேட்டது வேற. நீங்க வெச்சது வேற."

அக்காதான். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி, சத்தமே உயர்த்தாமல்.

"அவ சொன்னது, வேணும்போது பூட்டிக்கிட்டு வேணாத போது எடுத்துடற லாக். நீங்க உள்ள இருக்கறதை ஒட்டி வெச்சீங்க. காசு மிச்சம் பிடிச்சு விளக்கு வாங்கினீங்க. போகாதேன்னு எங்கிட்ட சனிக்கிழமையே சொன்னா. இறங்கற வளைவுல திரும்பாதுன்னு சொன்னா. திரும்பல. அவ மேல ஒரு வார்த்தை வரக் கூடாது."

மாமாவின் அம்மா, "புருஷனை நாலு பேர் முன்னாடி…" என்று ஆரம்பித்தார்.

"நாலு பேர் முன்னாடிதான் அத்தை அவளைச் சொன்னார்."

மாமாவின் தம்பி டம்ளரையே உற்றுப் பார்த்தார், உள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வரவேண்டியது வேறு எதிலோ வந்தது.

மார்ச் 1, சனி

அக்கா மாமாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கிறாள். வண்டியை என் பேருக்கு மாற்ற வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம்.

"முடியாதுன்னா?" என்றாராம்.

"முடியாதுன்னா அந்த வண்டியில நான் இனி ஏறமாட்டேன். உங்ககூட எதுலயும் ஏறமாட்டேன்."

ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான். மாமா என்னைப் பார்க்கவில்லை என்று எனக்கு இனிமேல் வருத்தமெல்லாம் கிடையாது.

ஆனால் உடைந்த வண்டி. பூ இன்னும் ரெண்டு வாரத்தில்.

மார்ச் 4, செவ்வாய்

உடைக்கிற இடத்துக்காரர் கூப்பிட்டார்! "அம்மா, உங்க பல் கணக்குல ஒண்ணு வந்திருக்கு. இந்தத் தடவை நானே சுத்திப் பாத்துட்டேன்." போய் நானும் சுற்றிப் பார்த்தேன். சரிதான். லாக் நெம்புகோல் கொஞ்சம் துரு, எண்ணெய் விட்டதும் வழிக்கு வந்தது.

பம்பரையும் விளக்குகளையும் விற்றேன். வாங்கினது யார் தெரியுமா? கூலிங் கிளாஸ். பேரம் பேசினார். நான் ஒரு காசு குறைக்கவில்லை. போகும்போது, "உங்க மேல ஒண்ணும் இல்ல மேடம், சொன்னது ஐடியா மட்டும்தான்" என்றார். ஐடியா மட்டும்தானாம். ஐடியா கொடுத்தவருக்கு மணிக்கட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் அண்ணன் ஆக்ஸிலை மாட்டிவிட்டார். "கூலி வேணாம்மா" என்றார். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று கையில் திணித்தேன். அவர் இனாமாகச் செய்தால் அடுத்த தடவையும் 'வண்டிக்காரர்' சொன்னதைக் கேட்பார். காசு வாங்கினால் என் வேலை.

ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கினோம். லாக் இல்லாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. லாக் போட்டுச் சுற்றினேன். ரெண்டும் ஒரே பக்கம். எடுத்தேன். மறுபடி தனித்தனி. அண்ணன் ஒருமுறை, நான் ஒருமுறை, அப்புறம் திரும்பவும் நான்.

மார்ச் 13, வியாழன்

மாமா மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "பெட்டி ஏத்த ஆள் இருக்கா?" என்றார். அக்காவுக்குக் கை முடியாது என்று அவருக்கும் தெரியும்.

"இல்ல."

"நான் வரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "பின்னாடிதான் உக்காரணும்" என்றேன். "முன்னாடி அக்கா வர்றா."

"சரி" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

வெயிலுக்கு முன்னாலேயே கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் அக்கா, பின்னால் பெட்டிகளோடு மாமா. அவருக்கு ஒரு வலைத்தொப்பி கொடுத்திருந்தேன். தார் ரோட்டு வளைவெல்லாம் வண்டி பூப்போலத் திரும்பியது.

கடைசி மேடு. மழை அந்தப் பள்ளத்தை இன்னும் பெரிதாக்கியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து, "நல்லா வேகமா வந்து ஒரே மூச்சுல…" என்று குரல். அக்கா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். குரல் நின்றது.

நெம்புகோலை இழுத்தேன். கொஞ்சம் முன்னே விட்டதும் உள்ளே டக்கென்று விழுந்தது. முதல் கியர். அவசரமே இல்லை. இடது சக்கரம் அந்தரத்துக்குப் போனது எனக்கு இடுப்பில் தெரிந்தது. வலது சக்கரம் தரையைக் கவ்வி வண்டியைத் தள்ளியது. அக்கா மூச்சைப் பிடித்திருந்தாள். நானும்தான். மேலே வந்ததும் நெம்புகோலை எடுத்துவிட்டேன்.

பெட்டி எல்லாம் இறக்கினது மாமாதான். நாலைந்து கொட்டு வாங்கினார். கத்தவில்லை. வாசல்களைத் திறந்தேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பூவைத் தேடிப் போயின.

இறங்குவதற்கு முன்னால் வண்டிக்குப் பக்கத்தில் மூவரும் நின்று தண்ணீர் குடித்தோம். மாமா அக்காவிடம், "அடுத்த மாசம் என் பிரெண்ட்ஸ் இந்தப் பக்கம் வர்றாங்க. வண்டியை ஒரு நாள் எடுத்துக்கலாமா?" என்றார்.

அக்கா மூடியைத் திருகி பாட்டிலை அவரிடம் கொடுத்தாள்.

"அவ நிக்கிறா பாருங்க. அவகிட்டக் கேளுங்க."

மாமா திரும்பினார். வலைக்குள் புகுந்த ஒன்று கொட்டி ஒரு கண்ணிமை வீங்கியிருந்தது. என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டார்.

"யோசிச்சு சொல்றேன் மாமா" என்றேன்.